அடுத்தவர் திரைக்குச் செய்த நிறம்

பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்திலும் அதை அடுத்த ஸ்ரீராமபுரத்திலும் தமிழ் பேசும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளில் கோடிங் படிக்கிறவர்களும், மான்யதாவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குப் போகிறவர்களும் இன்று நிறைய. கையில் பெரும்பாலும் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் இருக்கும், தலைக்கு மேல் ஒரு ட்யூப்லைட் எரியும். யூட்யூபில் சொல்லித் தருகிறவரின் எடிட்டர் கருநீலப் பின்னணியில் பளபளவென்று மின்னும். அதே தீமை இங்கே போட்டால் பாதி எழுத்து மங்கிக் கிடக்கும். அந்தத் தீம் வேறொரு திரைக்கும் வேறொரு அறைக்கும் செய்தது. நம் திரைக்கு அதைத் திருத்திக்கொள்ள நாலைந்து வரி போதும்.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோடையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். 2015இல் வெளிவந்த இலவச எடிட்டர் இது, கல்லூரியிலும் கம்பெனியிலும் இப்போது அதிகம் கண்ணில் படுவதும் இதுதான்.

தீம் என்பது ஓர் அட்டவணை. நாம் எழுதும் நிரலை எடிட்டர் முதலில் துண்டு துண்டாகப் பிரித்து, இது கமெண்ட், இது சரம், இது எண், இது ஃபங்ஷன் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் ஒட்டுகிறது. எந்த அடையாளத்துக்கு எந்த நிறம் என்பதை மட்டும் தீம் சொல்கிறது. பைத்தானுக்குப் போட்ட தீம் ஜாவாவுக்கும் பொருந்துவது இதனால்தான். பக்கப்பட்டி, டேப், ஸ்டேட்டஸ் பார் ஆகியவற்றின் நிறங்கள் அதே தீமில் தனிப் பகுதியாக இருக்கும். திருத்தும்போது இந்த இரண்டு பகுதிகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நிறுவுவது எளிது. கண்ட்ரோலும் ஷிஃப்டும் அழுத்தியபடி எக்ஸ் தட்டினால் எக்ஸ்டென்ஷன் பட்டியல் திறக்கும். தீமின் பெயரைத் தேடி இன்ஸ்டால் கொடுக்க வேண்டியதுதான். பிறகு கண்ட்ரோலை விடாமல் கே (K), அடுத்து டி (T) தட்டுங்கள். தீம்களின் பட்டியல் வரும். அம்புக்குறியால் ஒவ்வொன்றாக இறங்கும்போதே எடிட்டரின் நிறம் மாறிக் காட்டும். பிடித்த இடத்தில் என்டர் கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் எஸ்கேப், பழைய நிறம் திரும்பிவிடும். அலுவலகக் கணினியில் எக்ஸ்டென்ஷன் சந்தையைத் தடுத்து வைத்திருந்தால், வி.எஸ்.ஐ.எக்ஸ். கோப்பாக எடுத்துவந்தும் நிறுவ முடியும். அதற்கு அனுமதி உண்டா என்று ஐ.டி. பிரிவில் முதலில் கேட்டுவிடுங்கள்.

புதிதாக எதையும் இறக்காமலே பார்க்கக்கூடியவையும் உண்டு. வைமர் ஹாசன்பெர்க் 2006இல் உருவாக்கிய மோனோகை, ஈதன் ஸ்கூனோவர் 2011இல் வெளியிட்ட சோலரைஸ்டு ஆகிய இரண்டும் எடிட்டருடனேயே வருகின்றன. பதினாறே நிறங்களை வைத்து, கருமைக்கும் வெண்மைக்கும் ஒரே அளவில் பொருந்தும்படி கணக்குப் போட்டுச் செய்த சோலரைஸ்டை நிறத் திட்டங்களில் ஒரு பாடம் என்றே சொல்வேன். பிரேசில்காரரான ஜெனோ ரோச்சா 2013இல் தொடங்கிய ட்ராகுலாவும், சாரா டிராஸ்னர் 2018இல் தந்த நைட் அவுலும் தனியாக இறக்க வேண்டியவை. இரவில் வேலை செய்கிறவர்களையும் நிறக்குருடு உள்ளவர்களையும் மனத்தில் வைத்து நைட் அவுலைச் செய்ததாக டிராஸ்னரே சொல்லியிருக்கிறார்.

இறக்கும்போது ஒரு எச்சரிக்கை. அட்டவணை மட்டும் உள்ள தீமால் கெடுதல் வராது. ஆனால் தீம் என்ற பெயரில் வரும் எக்ஸ்டென்ஷனுக்குள் ஓடக்கூடிய நிரலும் இருக்கலாம். 2025 பிப்ரவரியில் மிகப் பிரபலமான மெட்டீரியல் தீமை, உள்ளே சந்தேகத்துக்குரிய நிரல் இருப்பதாகச் சொல்லி மைக்ரோசாஃப்ட் சந்தையிலிருந்தே நீக்கியது. பின்னர் அது தவறான முடிவு என்று தெரிந்து, மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்த்தது. அந்தத் தீம் குற்றமற்றது என்றாலும், அப்போது எழுந்த கேள்வி நியாயமானது. சந்தையில் வெளியீட்டாளர் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்ப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்த பெயரில் வரும் போலிகளைத் தொடாதீர்கள்.

கருப்பா வெளுப்பா என்ற கேள்விக்கு என் பதில் இது: வெளிச்சமான அறையில், பகலில், வெள்ளைப் பின்னணியே கண்ணுக்கு நல்லது. வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா சுருங்குகிறது, அதனால் எழுத்து கூர்மையாகத் தெரிகிறது. ஆஸ்டிக்மாட்டிசம் உள்ள பலருக்குக் கருப்பில் உள்ள வெள்ளை எழுத்து கசிந்தாற்போல் தோன்றும். விலை குறைந்த பழைய லேப்டாப் திரைகளில் கருப்பு உண்மையான கருப்பாக இருப்பதே இல்லை. கொஞ்சம் சாய்த்தால் சாம்பலாகிவிடும், அதில் மங்கிய நிறங்கள் கரைந்துபோகும். சாதாரண எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால், கருப்புத் தீமால் பேட்டரி பெரிதாக மிச்சமாவதும் இல்லை. இரண்டுமே வேண்டும் என்றால், செட்டிங்ஸில் ஆட்டோ டிடெக்ட் கலர் ஸ்கீம் என்று தேடி அதை டிக் செய்யுங்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு தீம்களைக் குறித்துவிட்டால், கணினி கருமைக்கு மாறும்போது எடிட்டரும் சேர்ந்து மாறும்.

இனி திருத்துவது. முதலில் கமெண்டைத்தான் திருத்தச் சொல்வேன். கமெண்ட் முக்கியமில்லை என்பதுபோல் அதை மங்கவைப்பது தீம் செய்கிறவர்களின் வழக்கம். கற்கிறவர் அதிகம் படிக்க வேண்டியதே கமெண்டைத்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை விகிதமாகச் சொல்வார்கள்: தூய வெள்ளைக்கும் தூய கருப்புக்கும் 21:1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது வலைத்தளங்களுக்கான சர்வதேச அணுகல் நெறி. ட்ராகுலாவில் சாதாரண எழுத்து ஏறத்தாழ 13:1. கமெண்டோ 3:1தான். சோலரைஸ்டின் கரும் வடிவில் கமெண்ட் 2.8:1க்கு இறங்கிவிடுகிறது.

ட்ராகுலாவையே சரிசெய்து பார்ப்போம். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி தட்டி, ஓப்பன் யூசர் செட்டிங்ஸ் ஜேசன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எடிட்டர் டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ் என்று தட்டத் தொடங்கினாலே மீதியை அது நிரப்பிக் கொடுக்கும். அதற்குள் சதுர அடைப்பில் தீமின் பெயரை, பட்டியலில் இருப்பதுபோல எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். அப்போது மாற்றம் அந்தத் தீமுக்கு மட்டும் பொருந்தும், வேறு தீமுக்குத் தாவினால் தொந்தரவு தராது. அதன் உள்ளே கமெண்ட்ஸ் என்ற சாவியின் ஃபோர்கிரவுண்டாக #909599 என்று கொடுங்கள். முதல் இரண்டு இலக்கம் சிவப்பு, நடு இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். கோப்பைச் சேமித்த கணமே நிறம் மாறும், விகிதம் 3இலிருந்து 4.7க்கு ஏறும். நீலம் வேண்டுமானால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும் சின்ன நிறக் கட்டத்தைச் சொடுக்கி, இழுத்துத் தேர்ந்துகொள்ளலாம்.

தமிழில் கமெண்ட் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. பல தீம்கள் கமெண்டைச் சாய்வெழுத்தாக்குகின்றன. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்ந்த வடிவம் கிடையாது, அதனால் கணினியே நேர் எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்க்கிறது. ‘ணூ’, ‘றூ’ போன்ற எழுத்துகள் அதில் பக்கத்து எழுத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும். அதே கமெண்ட்ஸ் சாவிக்குள் ஃபாண்ட் ஸ்டைல் என்று எழுதி, எதிரே வெறும் மேற்கோள் குறிகளை மட்டும் வையுங்கள், சாய்வு போய்விடும். எழுத்துரு வரிசையில் கடைசியாக நிர்மலா யூ.ஐ. அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் சேர்த்து, லைன் ஹைட்டை 1.6 ஆக்கினால் மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படாது. இதைச் செய்த பிறகு தமிழ்க் கமெண்ட் புத்தகத்தில் படிப்பதுபோல் இருக்கும்.

வேறு எந்தச் சொல்லின் நிறமாவது பிடிக்கவில்லை என்றால், கர்சரை அதன்மேல் வைத்து, கட்டளைப் பட்டியலில் இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ் என்பதைத் தேடி இயக்குங்கள். அந்தச் சொல்லின் அடையாளமும், தீமின் எந்த விதியால் அந்த நிறம் வந்தது என்பதும் சின்னப் பெட்டியில் தெரியும். அந்த அடையாளத்தை டெக்ஸ்ட்மேட் ரூல்ஸ் என்ற பட்டியலில் எழுதி உங்கள் நிறத்தைக் கொடுக்கலாம்.

நிரலுக்கு வெளியே உள்ளவற்றுக்கு வொர்க்பெஞ்ச் கலர் கஸ்டமைசேஷன்ஸ் என்ற தனிச் சாவி. கிட்டில் சேர்த்த வரி பச்சை, நீக்கிய வரி சிவப்பு என்பது சிவப்பு–பச்சை பிரித்தறிய இயலாதவர்களுக்கு நித்தமும் தலைவலி. டிஃப் எடிட்டர் என்று தொடங்கும் சாவிகளில் சேர்த்ததற்கு #00669940, நீக்கியதற்கு #99660040 கொடுத்தால் நீலமும் செம்மஞ்சளுமாகப் பிரிந்து தெரியும். கடைசி 40 நிறத்தின் அடர்த்தி, பதினாறடிமானக் கணக்கில் கால் பங்கு. அதை விட்டுவிட்டால் அடியில் உள்ள குறிகளை நிறம் மூடிவிடும்.

இதே சாவியை ஒரு ப்ராஜெக்டின் வொர்க்ஸ்பேஸ் செட்டிங்ஸில் போட்டால் மாற்றம் அந்த ப்ராஜெக்டுக்கு மட்டும் நிற்கும். வாடிக்கையாளரின் நிஜ சர்வரைத் தொடும் ஃபோல்டருக்கு டைட்டில் பாரைச் சிவப்பாக்கி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கோப்பைக் கிட்டில் ஏற்றிவிடாதீர்கள், குழுவில் எல்லார் திரையும் சிவந்துவிடும்.

வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே நிறம் வேண்டுமென்றால் கிட்ஹப் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் சிங்க்கை இயக்கினால் போதும். திருத்தங்கள் பெருகி, மூலத் தீமை விட்டு வெகுதூரம் வந்துவிட்டால், கட்டளைப் பட்டியலில் ஜெனரேட் கலர் தீம் ஃப்ரம் கரண்ட் செட்டிங்ஸ் என்பதை இயக்குங்கள். இதுவரை மாற்றிய அத்தனையும் சேர்ந்து ஒரே கோப்பாகத் திறக்கும். அதை எக்ஸ்டென்ஷனாகக் கட்டினால் உங்கள் பெயரிலேயே ஒரு தீம் தயார்.