காளையின் குறி உறைக்குள் திரும்பாவிட்டால்...

பொலிகாளை பசுவின் மேல் ஏறி இறங்கியதும் அதன் குறி தானாகவே உறைக்குள் சென்றுவிடும். சில வேளைகளில் அது வெளியிலேயே தங்கிவிடுவதுண்டு. உழவு எருதுகளிலும் ஆட்டுக் கிடாக்களிலும் கூட இது காணப்படும். சொல்லக் கூச்சப்பட்டு இரண்டொரு நாள் பார்க்கலாம் என்று விட்டுவைப்பதே பெரும் கேடாக முடிகிறது.

உறையின் வாய் ஒரு வளையம் போன்றது. வெளியே வந்த குறி சிறிது வீங்கினாலும் இவ்வளையம் அதை இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளே வரும் இரத்தம் வந்துகொண்டே இருக்க, திரும்பிச் செல்லும் இரத்தம் தடைப்படுகிறது. இதனால் வீக்கம் கூடுகிறது. வீக்கம் கூடக் கூட வளையம் மேலும் இறுகுகிறது. வெளியே நிற்கும் பாகம் காய்ந்து, வெடித்து, ஈ மொய்த்துப் புழு வைக்கும். நாளானால் அப்பாகம் அழுகவும் கூடும்.

இனச்சேர்க்கையின்போது ஏற்படும் அடி, முள் குத்துதல், உறை வாயிலுள்ள மயிர் வளையமாகச் சுற்றிக்கொள்ளுதல் ஆகியவை காரணங்களாகலாம். காங்கேயம் காளைகளுக்கு உறை வயிற்றோடு ஒட்டியிருக்கும். கிர், சாகிவால் போன்ற இனங்களில் உறை தொங்குவதால் அடிபட வாய்ப்பு அதிகம். இவ்வினக் காளை வைத்திருப்போர் வாரம் ஒருமுறையாவது உறை வாயைக் கவனித்து வருவது நல்லது.

மருத்துவர் வரும்வரை செய்ய வேண்டியவை எளியவையே. முதலில் மாட்டைக் கட்டுச்சட்டத்தில் நிறுத்த வேண்டும். வலியுள்ள மாடு உதைக்கும். தனி ஆளாக வயிற்றடியில் குனியக் கூடாது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, அதாவது சுமார் ஒன்றரை தேக்கரண்டி, கலந்து மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். மயிரோ நூலோ சுற்றியிருந்து கண்ணுக்குத் தெரிந்தால் பக்குவமாக விலக்கலாம். பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பிடிக்க வீக்கம் தணியும். கெட்டியான சர்க்கரைக் கரைசலில் தோய்த்த துணியைக் கால் மணி நேரம் வைத்தால், சர்க்கரை நீரை ஈர்த்து வீக்கத்தை மேலும் குறைக்கும். வீட்டில் எப்போதும் இருக்கும் பொருள் இது என்பது வசதி. பின்னர் சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவி, உள்ளங்கையால் அணைத்து மெல்ல உள்ளே செலுத்திப் பார்க்கலாம். ஒருமுறை முயன்று போகவில்லையெனில் விட்டுவிட வேண்டும். காயாமல் எண்ணெய் தடவி, ஈரத் துணியால் தொட்டில்போல் வயிற்றோடு தாங்கிக் கட்டி வைத்தால் போதும்.

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பினாயில் எதையும் அதன்மேல் ஊற்றக் கூடாது. சூடு போடுவதும், வீக்கத்தை ஊசியால் குத்துவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கொடுமையானவை, குணமாகக்கூடியதையும் கெடுப்பவை.

குறி கருத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், புழு இருந்தால், இரத்தம் வடிந்தால், அல்லது மாடு சிறுநீர் கழிக்க முக்கினால் முதலுதவியில் நேரம் போக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற தொலைபேசி எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கலாம். மருத்துவர் மரத்துப்போக ஊசியிட்டு உள்ளே செலுத்தி, மீண்டும் வெளிவராதபடி உறை வாயில் சில நாட்களுக்குத் தையலிடுவார். புண் முற்றிலும் ஆறும்வரை காளையைப் பருவப் பசுக்களின் அருகில் விடலாகாது.

எருதுகளிலும் காயடித்த கிடாக்களிலும் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்து, உறையைச் சுற்றியும் வயிற்றடியிலும் வீங்கினால் அது சிறுநீர்க் கல்லடைப்பாக இருக்கலாம். இளங்கன்றிலேயே காயடித்த மாடுகளில் சிறுநீர்க் குழாய் குறுகலாக இருப்பதால் கல் எளிதில் அடைத்துக்கொள்ளும். இதற்குத் துணி ஒத்தடம் பயன்படாது. அன்றைக்கே அறுவை தேவைப்படலாம்.

இதே தொல்லை மனிதருக்கும் உண்டு. சிறுவர்களைக் குளிப்பாட்டும்போது முன்தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளினால் அது மொட்டின் பின்னால் சிக்கி வீங்கும். சிறு வயதில் தோல் ஒட்டியிருப்பது இயல்பே. அதை இழுக்கத் தேவையில்லை. சிக்கிவிட்டால் வீங்கிய பகுதியைச் சில நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்து, தோலை முன்னுக்குக் கொண்டுவர ஒருமுறை முயலலாம். வராவிட்டால் இரவானாலும் அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். காலை வரை காத்திருக்கக் கூடாது.