பாட்டனார் விட்டுச்சென்ற ஜீப்பு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு நாம் மஞ்சக்குட்டைக்குச் சென்றிருந்தோம். வேலை முடிந்து புறப்படும் தறுவாயில், காபியும் மிளகும் பயிரிடும் இளம் அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகி, "ஐயா, ஒரு கடன் மனு எழுதி வைத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் தாங்கள் ஒருமுறை வண்டியைப் பார்த்துவிட வேண்டும்" என்றார். வீட்டின் பின்புறத்தில், சில்வர் ஓக் மரங்களின் நிழலில், தகரக் கூரையின்கீழ் ஒரு ஜீப்பு நின்றிருந்தது. பின்தட்டில் மூட்டை ஏற்றுவதற்காக இருக்கைகளை எடுத்திருந்தார்கள். வீட்டார் அதைப் பிக்கப் என்றே வழங்கி வந்தனர். அவருடைய பாட்டனார் 1970களில் வாங்கியது. அவர் காலமாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"விற்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை" என்றார் பேரன். பழப் பறிப்புக்கு நான்கு மாதங்களே இருந்தன. சொந்த வண்டி ஓடினால் வாடகை மிச்சம். ஓடாவிட்டால் கடன்தான் மிச்சம். இதே நிலையில் பல குடும்பங்கள் உள்ளன. எனவே, அன்று அவருக்குச் சொன்னவற்றையும், பின்னர் நாம் கண்டறிந்தவற்றையும் இங்கே எழுதப் புகுகிறோம்.

முதலில் வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். வில்லிஸ் ஜீப்பு 1941இல் அமெரிக்க இராணுவத்திற்காகப் பிறந்தது. போர் முடிந்தபின் எஞ்சிய ஜீப்புகளைப் பிலிப்பைன்ஸ் நாட்டினர் நீட்டி, பலர் ஏறும் ஜீப்னி வண்டிகளாக்கிக் கொண்டனர். நம் நாட்டில் 1945இல் மகிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 1947 முதல் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளைத் தருவித்துப் பம்பாயில் பூட்டலாயிற்று. மறு ஆண்டே மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறியது. நம் அங்கத்தினரின் வண்டி சி.ஜே.3பி என்ற வகை. அமெரிக்காவில் 1953இல் வெளிவந்து 1968இல் உற்பத்தி நின்றுபோன இவ்வகை, இந்தியாவில் அதன் பின்னரும் நெடுங்காலம் செய்யப்பட்டு வந்தது. இதனால் நமக்குக் கிடைத்த நன்மை, உதிரி உறுப்புகள் இன்றும் கிடைப்பதே. அதே வயதுடைய வேறு வண்டி பலவற்றுக்கு இப்பேறு இல்லை.

நிற்க. வண்டியின் மூடியைத் திறக்கும் முன் பெட்டியைத் திறந்து பதிவுச் சான்றை எடுக்கும்படி கேட்டோம். சான்று பாட்டனார் பெயரில் இருந்தது. உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டு, 3 மாதம் வரை அவ்வண்டியைப் பயன்படுத்தலாம்; அந்த 3 மாதத்திற்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தல் வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் ஏற்பாடு. நம் அங்கத்தினர் முதற் கெடுவைத் தவறவிட்டிருந்தார்; இரண்டாம் கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது. இதனினும் பெரிய சிக்கல் வேறொன்று. அவருக்குச் சிறிய தகப்பனாரும் அத்தையும் உண்டு. சமவெளியிலிருந்து வந்த ஒருவர், பழைய ஜீப்புகளைச் சேகரிப்பவராம், சிறிய தகப்பனாரிடம் நல்ல விலை பேசிச் சென்றிருந்தார். பேரனோ, ஒருவரையும் கேளாமல், வர்ணம் பூசுவதற்கு ஒரு பட்டறையில் முன்பணம் கொடுத்து வேலையையும் முடித்து வைத்திருந்தார்!

பிறருக்கும் பங்குள்ள பொருளில் நாம் பணத்தைப் போட்டால், அப்பணம் நம்முடையதா, பொருளினுடையதா என்ற வழக்கு பின்னால் எழுவது உறுதி. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று பெற்று, மற்ற வாரிசுகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, அவர்கள் பங்குக்கு என்ன தருவது என்பதையும் அதே தாளில் குறித்துவிட்டு, அதன் பின்னரே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும் என்றோம். அவர் முகம் சற்றுச் சுருங்கியது உண்மை. ஆயினும் அன்று மாலையே அத்தை வீட்டிற்குப் போனார். இப்பொழுது பதிவுச் சான்றிலேயே நியமனதாரர் பெயரைக் குறிக்கும் வசதி 2021 முதல் உண்டு. வண்டி வைத்திருக்கும் முதியோர் உள்ள வீடுகள் இதைச் செய்து வைத்தல் நலம்.

இனி, அந்த வர்ணத்தைப் பற்றி. பச்சை வர்ணம் கண்ணைப் பறித்தது. ஆனால் நாம் ஒரு சிறு சுத்தியலை வாங்கிச் சேசிஸின் அடிப்புறத்தைத் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும்; துருவேறிய இடம் மத்தெனச் சொல்லும். பின்புறப் பட்டை வில்லைத் தாங்கும் கொக்கி அருகே ஓசை செத்திருந்தது. விரலால் அழுத்தினோம், பட்டி உதிர்ந்து, அதன்பின் துருவும் உதிர்ந்தது. துருவின்மேல் பட்டியை அப்பி வர்ணம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சேர்வராயன் மலையில் மூடுபனி ஆண்டில் பல மாதம் உண்டு. காபிப் பழத்தோலின் ஈரமும் உர மூட்டையின் உப்பும் பின்தட்டின் இடுக்குகளில் தங்கி இரும்பைத் தின்னும். அழகு கடைசி வேலை. சேசிஸைச் சுரண்டி, கெட்ட பகுதியை வெட்டி, அதே கனமுள்ள தகடு வைத்துப் பற்றவைத்து, குழாய்ப் பகுதிகளின் உட்புறத்திற்கும் துருத்தடுப்புப் பூச்சு செலுத்திய பிறகுதான் மேல்வேலை. ஒரு முறை பூசிய வர்ணம் அவருக்கு வீணாயிற்று.

அடுத்தது பிரேக்கு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமையோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி சுமார் 1,100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றும் சாலையும் என்ஜினும் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதையும் நான்கு டிரம்களும் ஏற்க வேண்டும். டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 எனப்படும் ஆயில் புதிதாயிருக்கையில் 205 பாகை சென்டிகிரேடு வரை கொதியாது. ஈரம் கலந்தபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்த இடத்தில் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆயில் அழுந்தாது, ஆவி அழுந்தும். ஆகவே மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஆயிலோடு ஒரு வண்டி மலையிறங்குவது எத்தகையது என்பதை வாசகர்கள் உணரலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுவது பெருஞ்செலவன்று.

பழைய ஜீப்பின் பிரேக்கில் மற்றொரு குறை உண்டு. மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறையுடையது. நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் குழாய்களில் எங்கேனும் ஓரிடம் ஒழுகினாலும் நான்கும் போய்விடும். இரண்டு அறையுள்ள மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிக் குழாய் இட்டால், ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும். பழைய வண்டியை மேம்படுத்த ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இதைத்தான் செய்யச் சொல்வோம். கூடவே வீல் சிலிண்டர்கள், ரப்பர்க் குழாய்கள், துருவேறிய இரும்புக் குழாய்கள் ஆகியவற்றையும் புதிதாக்க வேண்டும். கைப்பிரேக்கு இவ்வண்டியில் சக்கரத்தைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், பின்னச்சுக்குச் செல்லும் தண்டைப் பிடிப்பது. ஆகவே ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் கைப்பிரேக்கு போட்டிருந்தும் வண்டி நகர்ந்துவிடும். கல் அணை கொடுக்காமல் எவரும் அடியில் புக வேண்டாம்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. இதற்குள் ஒரு நுட்பம் உண்டு. இவ்வகையின் மூன்று கியர்ப் பெட்டியில் முதல் கியருக்கு ஒத்திசைப்பு அமைப்பு இல்லை. இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு முதல் கியருக்கு வர எண்ணினால், பற்கள் அலறுமேயன்றிப் பொருந்தா. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைத் தீர்மானித்துவிட வேண்டும். தாழ்நிலைக் கியரும் நான்கு சக்கர இயக்கமும் சேற்றுப் பாதைக்கு உரியவை; உலர்ந்த தார்ச்சாலையில் அவற்றைப் போட்டு வளைந்தால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும்.

ஸ்டீரிங்கில் ஆட்டம் இருந்தால் பந்து மூட்டுகளையும் கிங்பின்னையும் பார்த்து மாற்றலாம். இது தெரிந்த வேலை. டயரின் தடம் ஆழமாக இருப்பதை மட்டும் நம்பலாகாது. பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம் உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். கொட்டகையில் நின்றே கிழண்டுபோன டயர்கள் உண்டு. மின்சாரக் கம்பிகளைப் பொறுத்தவரை, எலி கடித்ததையும் ஒட்டுப்போட்டதையும் அப்புறப்படுத்திப் புதிய கம்பித்தொகுதி இட்டு, ஒவ்வொரு கிளைக்கும் ஃபியூஸ் வைத்தல் நன்று. மிகப் பழைய வில்லிஸ் வண்டிகள் 6 வோல்ட்டில் ஓடுபவை; அவற்றை 12 வோல்ட்டுக்கு மாற்றினால் மூடுபனியில் விளக்கு நன்கு தெரியும். பல்பு, காயில், அளவுமானிகள் யாவும் உடன் மாற வேண்டும்.

பெட்ரோல் பற்றியும் ஒரு சொல். இப்பொழுது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர்க் குழாய், பம்பின் சவ்வு, கார்புரேட்டரின் வாஷர் ஆகியவை இதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். எத்தனாலைத் தாங்கும் வகையை இட வேண்டும். மேலும் எத்தனால் ஈரத்தைச் சேர்த்துக்கொள்வது. மலையில் மாதக்கணக்காகப் பாதி டாங்கியோடு நிற்கும் வண்டியில், தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கித் துருவை வளர்க்கும். ஓட்டாத வண்டியில் பெட்ரோலைச் சேமித்து வைப்பது சிக்கனமன்று.

நம் அங்கத்தினரின் மனுவில் பெருந்தொகை எதற்கென்று பார்த்தால், பெரிய டீசல் என்ஜின் ஒன்றுக்கு! 1980களில் பெஜோ வடிவமைப்பிலான 2,112 கன சென்டிமீட்டர் டீசல் என்ஜின் மகிந்திரா ஜீப்புகளில் பரவியது உண்மைதான். ஆனால் இவர் விரும்பியது அதனினும் பெரிய லாரி என்ஜின். நெசவாள அன்பர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள்: தறியில் அச்சை மட்டும் நெருக்கமானதாக மாற்றி விழுதைப் பழையபடி விட்டால் துணி வருமா? பெரிய என்ஜின் வைத்தால் மூன்று கியர்ப் பெட்டி தாங்காது. அதை மாற்றினால் அச்சு தாங்காது. 5.38 என்ற அச்சு விகிதம் மெல்ல ஏறுவதற்கென்றே அமைந்தது. முன்புறம் கூடிய எடைக்குப் பட்டை வில்லும் பிரேக்கும் மாற வேண்டும். முடிவில் பாட்டனாரின் வண்டியில் மிஞ்சுவது எண்தகடு ஒன்றே.

சட்டமும் இடம் கொடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது; உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதை வலியுறுத்தியுள்ளது. அதே வகை என்ஜினை வைத்தாலும் எண் மாறுவதால், முன் அனுமதி பெற்றுச் சான்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சான்றில் இல்லாத மாற்றத்தோடு விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் எழுப்பும் முதற் கேள்வி அதுவாகவே இருக்கும்.

"ஐம்பது ஆண்டு ஆனால் பழம்பெரும் வண்டியாகப் பதியலாமாமே?" என்று கேட்டார். உண்டு, 2021இல் வந்த விதி அது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். 10 ஆண்டு செல்லும். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துச் செல்லலாமேயன்றி, அன்றாடப் போக்குவரத்துக்கும் வாணிகத்திற்கும் ஓட்டக் கூடாது. மூட்டை ஏற்ற நினைப்பவருக்கு அது உதவாது. அவருக்குரிய வழி, 15 ஆண்டு கடந்த வண்டிக்குரிய பரிசோதனைக்கு உட்பட்டு, 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதே. இக்கட்டணம் 2022 ஏப்ரலில் பன்மடங்கு உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் மேலும் உயர்ந்தது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சொந்தப் பதிவுள்ள வண்டியில் அயலார் மூட்டையைக் கூலிக்கு ஏற்றுவது குற்றம் என்பதையும் அவருக்கு நினைவூட்டினோம். ஏனெனில் கடனை அடைக்கும் வழியாக மனுவில் அதைத்தான் எழுதியிருந்தார்.

மனுவை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். பின்பு எழுதிய மனுவில் சேசிஸ், பிரேக்கு, டயர், கம்பி என நான்கு இனங்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டறைகளின் மதிப்பீடு இணைக்கப்பட்டிருந்தது. பழைய என்ஜினைக் கழற்றாமலே நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார்த்ததில், மூன்று ஒத்திருந்தன, ஒன்று தாழ்ந்திருந்தது. அந்த ஒன்றில் வெளியேற்று வால்வு தேய்ந்திருந்தது. அதைத் தேய்த்துப் பொருத்தியதோடு வேலை முடிந்தது. சிறிய தகப்பனாருக்கும் அத்தைக்கும் பங்குத்தொகை மூன்று தவணையாகத் தருவதென எழுதிக் கையொப்பமாயிற்று.

தை மாதம் நாம் மீண்டும் சென்றபோது வண்டி வீட்டில் இல்லை. பழப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பிற்பகலில் மூட்டைகளை இறக்கிவிட்டு அது திரும்பி வந்தது. முதல் கியரில், மெதுவாக. பச்சை வர்ணத்தின் நடுவே, பற்றவைத்த இடமெல்லாம் செந்நிறத் துருத்தடுப்புப் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிந்தது. சிறிய தகப்பனார் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார்.