வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்தால்?

அரிசியும் பருப்பும் சேர்ந்தால் கிச்சடி. வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்தால்? அதுவும் கிச்சடிதான் என்கிறார் வங்கக் கவிஞர் சுகுமார் ராய்! கொக்கோடு ஆமை, யானையோடு திமிங்கிலம் என்று ஒட்டுப்போட்டுப் பாட்டு எழுதி, படமும் தாமே வரைந்திருக்கிறார்.

காலா அசார் என்ற கொடிய காய்ச்சலில் படுத்தபடியே இந்தப் பாட்டுகளை 'ஆபோல் தாபோல்' என்று புத்தகமாக்கினார். 1923 செப்டம்பரில், 35 வயதில் காலமானார். சில நாள் கழித்துத்தான் புத்தகம் வந்தது. மகன் சத்யஜித் ராய்க்கு அப்போது 2 வயசு!

'இந்தப் பொய்யெல்லாம் குழந்தைக்கு எதுக்கு?' என்காதீர்கள். நிஜ வாத்தைத் தெரிந்தால்தானே பொய் வாத்துக்குச் சிரிப்பு வரும்? என் கடைக்குட்டி சிரித்து முடிக்குமுன்பே, "நிஜ முள்ளம்பன்றி என்னம்மா சாப்பிடும்?" என்று பிடித்துக்கொண்டாள். (கிழங்கு, வேர்தான்!)

படத்தைக் காட்டி, "எந்தப் பாதி எது?" என்று உங்கள் செல்லத்தைக் கேட்டுப் பாருங்களேன்.