‘பேருக்கு ஒரு பார்ட்னர்’ இனி வேண்டாம்! நைஜீரியாவில் கம்பெனி தொடங்கும் கதை

மேற்கு ஆப்பிரிக்காவின் பெரிய சந்தை நைஜீரியா. அங்கே 2020 வரை ஒருவர் தனியாகக் கம்பெனி தொடங்க முடியாது. குறைந்தது 2 பங்குதாரர்கள், 2 டைரக்டர்கள் வேண்டும் என்பது சட்டம். பணம் போடுவதும் ஒருவர்தான், காலையில் ஷட்டரைத் தூக்குவதும் அவர்தான். ஆனாலும் படிவத்தில் இன்னொரு கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே! தம்பி பெயரையோ மனைவி பெயரையோ எழுதிவிடுவார்கள். “சும்மா பேருக்குத்தானே” என்று எழுதிய பெயர் அது. கடை வளர்ந்து கட்டடமான பிறகு, “என் பங்கு எங்கே?” என்று கேட்டு வந்து நிற்கும்.

2020 ஆகஸ்ட் 7-ம் தேதி, அன்றைய அதிபர் முகமது புஹாரி புதிய கம்பெனிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1990-ல் வந்த பழைய சட்டம் விடைபெற்றது. இப்போது ஒரே ஒருவர் பங்குதாரராகவும் டைரக்டராகவும் இருந்து பிரைவேட் கம்பெனி நடத்தலாம்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அந்த நாட்டுச் சந்தைகளைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஓனிட்ஷா, நெவி, லாகோஸின் அலாபா என்று எங்கே போனாலும் இக்போ இன வியாபாரிகள்தான் நிறைந்திருப்பார்கள். அவர்களில் பலர் தொழில் கற்ற விதமே வேறு. பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பையனை, சொந்தக்காரர் அல்லது ஊர்க்காரர் கடையில் கொண்டுபோய் விடுவார்கள். முதலாளியை ‘ஓகா’ என்று அழைப்பான். ஐந்து முதல் ஏழு வருடங்கள் வேலை. சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. காலம் முடிந்ததும் முதலாளி கையில் முதல் கொடுத்து, தனிக்கடை வைத்துக் கொடுக்க வேண்டும். நம்மூர் மளிகைக்கடைகளில் சேர்ந்து, பின்னாளில் கடை முதலாளி ஆனவர்களின் கதை நினைவுக்கு வருகிறதா? கிட்டத்தட்ட அதேதான். பெரும்பாலும் எல்லாமே வாய்வார்த்தை.

வாய்வார்த்தையில் கடை நடக்கும். வங்கிக் கடன் வராது. பெரிய நிறுவனத்துக்குச் சரக்கு சப்ளை செய்யவும், அரசு டெண்டரில் கலந்துகொள்ளவும் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். தெருவோரம் குடை விரித்து, கையடக்க மெஷினில் பணம் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள் நைஜீரியாவில் தெருவுக்குத் தெரு உண்டு. 2024-ல் அவர்களையும் பதிவு செய்யச் சொல்லிவிட்டார்கள்.

கடைப் பெயரா, கம்பெனியா?

பதிவு செய்ய வருபவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கடையின் பெயரை மட்டும் பதிவது. செலவு குறைவு, வேலையும் சுலபம். ஆனால் கடைக்கு ஏற்படும் கடன் உரிமையாளர் தலையில்தான் விழும். குடியிருக்கும் வீடு வரைக்கும் வந்து கேட்பார்கள். இரண்டாவது, கம்பெனியாகப் பதிவது. சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனி ஆள். அதன் கடன் அதனுடையது. வங்கிக்கு உரிமையாளர் தனிப்பட்ட ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு.

பதிவு முழுக்க ஆன்லைனில்தான். அபுஜாவில் தலைமையகம் கொண்ட கார்ப்பரேட் விவகார ஆணையத்தின் இணையதளத்தில் முதலில் பெயர் தேட வேண்டும். கிடைத்த பெயரை 60 நாட்களுக்கு ஒதுக்கி வைப்பார்கள். பெயரில் ‘ஃபெடரல்’, ‘நேஷனல்’ போன்ற சொற்களை அனுமதியில்லாமல் சேர்க்க முடியாது. ‘குரூப்’, ‘ஹோல்டிங்’ ஆகியவற்றுக்கும் தனி ஒப்புதல் வேண்டும். ஒற்றைக் கடைக்கு ‘குரூப் ஆஃப் கம்பெனீஸ்’ என்று போர்டு மாட்டும் ஆசை அங்கேயும் இருக்கிறதுபோல!

அடுத்தது முகவரி. தபால் பெட்டி எண் செல்லாது. ஆள் தேடி வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். டைரக்டரின் 11 இலக்கத் தேசிய அடையாள எண், பங்கு விவரம், கம்பெனி விதிகள் ஆகியவற்றைக் கொடுத்து, கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் செலுத்த வேண்டும். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தபட்சப் பங்கு மூலதனம் 1 லட்சம் நைரா. கேட்டு மலைக்க வேண்டாம். நைரா விழுந்திருக்கும் நிலையில் அது பெரிய தொகை இல்லை. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்ற உறுதிமொழியில் முன்பு வழக்கறிஞர் கையெழுத்திட வேண்டியிருந்தது. இப்போது விண்ணப்பதாரரே போடலாம்.

வருட விற்பனை 12 கோடி நைராவுக்குள், நிகரச் சொத்து 6 கோடிக்குள் இருந்தால் அது ‘சிறிய கம்பெனி’. ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி வைக்கும் செலவு மிச்சம். ஆனால் வெளிநாட்டவர் ஒருவர் பங்கு வைத்திருந்தாலும் இந்தச் சலுகை போய்விடும். வெளிநாட்டுப் பங்கு இருக்கும் கம்பெனிக்கு மூலதனமே 10 கோடி நைரா கேட்கிறார்கள்.

பினாமிக்குப் பூட்டு

வெளிநாட்டவர் விஷயத்தில் நைஜீரியாவுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1972-ல் வந்த சட்டம், பல தொழில்களை உள்நாட்டவருக்கு மட்டும் ஒதுக்கியது. விளைவு? உள்ளூர்க்காரர் பெயரில் கம்பெனி, பின்னால் வெளிநாட்டு முதலாளி. 1995-ல் வந்த முதலீட்டுச் சட்டம் பெரும்பாலான தொழில்களில் முழு வெளிநாட்டு உரிமையை அனுமதித்தது. ஆயுதம், போதைப்பொருள் போன்ற சில மட்டும் விலக்கு.

2020 சட்டம் இன்னும் ஒரு படி போனது. 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைத் தெரிவிக்க வேண்டும். இந்த விவரங்கள் அடங்கிய பதிவேடு 2023 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. நைஜீரிய நிறுவனத்தோடு பணம் கொடுக்கல் வாங்கல் வைப்பவர்கள் கம்பெனி பெயரையும் பதிவு எண்ணையும் முதலில் இங்கே சரிபார்ப்பது நல்லது.

பதிவோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடவும் முடியாது. முதல் ஆண்டறிக்கையை 18 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தொடர்ந்து 10 ஆண்டுகள் தாக்கல் செய்யாத கம்பெனியின் பெயரை ஆணையம் பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

அவர் இல்லாவிட்டால்?

குடும்பங்களைத் தொடும் கேள்வி இதுதான். இக்போ வழக்கத்தில் சொத்து ஆண் வாரிசுகளுக்கே போய்க்கொண்டிருந்தது. மகள்களை ஒதுக்கும் அந்த வழக்கம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2014-ல் நைஜீரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் கணக்கு எழுதாத கடையில் எது யாருடையது என்று எப்படி நிரூபிப்பது? கம்பெனி என்றால் பங்குகள் எண்ணிக்கையோடு பதிவேட்டில் இருக்கும். வாரிசு உரிமையாக அவற்றைக் கேட்கலாம். உரிமையாளர் இறந்தாலும் கம்பெனி சாவதில்லை.

ஆனால் ஒரே ஆள்தான் பங்குதாரரும் டைரக்டருமாக இருந்து அவர் திடீரென்று இறந்துவிட்டால், அடுத்த டைரக்டரை நியமிக்க ஆளே இருக்காது. இதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது: இறந்தவரின் சட்டப்பூர்வப் பிரதிநிதி நீதிமன்றத்தை அணுகி, கூட்டம் கூட்ட உத்தரவு பெற்று, புதிய டைரக்டரை நியமிக்க வேண்டும். பிரதிநிதிகள் கூட்டத்தைக் கூட்டத் தவறினால் கடன்காரர்களே கூட்டலாம். அதுவரை கம்பெனி காசோலையில் கையெழுத்துப் போட வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை.