கண்ணாடியும் கரையும்!

உப்புக் கரையும், சர்க்கரை கரையும். கண்ணாடி கரையுமோ என்று கேட்டால் வீட்டுக் குழந்தைகள்கூடச் சிரிக்கும். ராத்திரி கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீரைக் காலையில் குடிக்கிறோம். டம்ளர் தேய்ந்தா போயிற்று? தேயத்தான் செய்திருக்கிறது, நம் கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத அளவில். அந்த எட்டாத அளவைத் தராசில் நிறுத்துப் பார்த்த ஒரு வாலிபர், உலகம் வெகு காலமாக நம்பி வந்த கொள்கை ஒன்றையே கவிழ்த்துவிட்டார்.

தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்ச அதில் கொஞ்சம் மண்ணாக மாறும் என்பது அந்தக் கொள்கை. பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆதாரம் கண்ணெதிரே இருந்தது! சுத்தமான மழை நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் காய்ச்சி வற்ற வைத்தால், அடியில் மண் போன்ற ஒரு பொடி தங்கியது. வடித்து எடுத்த நீரை மறுபடி காய்ச்சினாலும் தங்கியது. வான் ஹெல்மான்ட் என்ற பெரியவர் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை 200 ராத்தல் மண்ணில் நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 169 ராத்தலாயிற்று. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ்தான். தண்ணீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். மரம் காற்றையும் உண்ணும் என்பது அந்நாளில் யாருக்குத் தெரியும்?

பாரிஸ் நகரத்து லவாஸியேக்கு அப்போது 25 வயது. 1768 அக்டோபரில் அவர் பலமுறை வடித்த மழை நீரை ஒரு விசித்திரமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி மூடினார். கூழைக்கடாப் பறவை தன் அலகை மார்பில் பதித்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி வடிவம். மேலே எழும் ஆவி குளிர்ந்து, வளைந்த குழாய்கள் வழியாகப் பாத்திரத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். ஒரு சொட்டும் வெளியே போகாது. ஊற்றுமுன் வெறும் பாத்திரத்தை நிறுத்தார், நீரையும் நிறுத்தார். பிறகு விளக்கை ஏற்றிக் கீழே வைத்தார்.

நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் அது காய்ந்தது. 101 நாள்! நடுவே நீரில் மெல்லிய துகள்கள் மிதக்கத் தொடங்கின. பழைய கொள்கைக்காரர் யாராவது பார்த்திருந்தால், "இதோ மண்!" என்று கை கொட்டியிருப்பார். லவாஸியே கை கொட்டவில்லை. மறுபடி தராசை எடுத்தார். மூடிய பாத்திரத்தின் மொத்த எடை மாறவில்லை. நீரை வெளியே ஊற்றி, வெறும் பாத்திரத்தை உலர்த்தி நிறுத்தபோது, அது 17.4 கிரெயின் குறைந்திருந்தது. நம் கணக்கில் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. நீரிலிருந்து கிடைத்த 'மண்' 20.4 கிரெயின். சற்று அதிகம்தான், ஆனால் அந்த நீரை வற்ற வைத்த பாத்திரமும் கண்ணாடிதானே! தண்ணீர் மண்ணாகவில்லை. கண்ணாடிதான் கரைந்திருந்தது. அந்தப் பொடியைச் சோதித்த ஸ்வீடன் நாட்டு ஷீலேயும் அது கண்ணாடியிலிருந்து வந்ததே என்று கண்டார்.

எப்படிக் கரைகிறது? மணல், சோடா, சுண்ணாம்புக்கல் மூன்றையும் உருக்கியதுதான் கண்ணாடி. மணல் ஒரு வலை போலப் பின்னிக்கொள்கிறது. சோடாவிலிருந்து வரும் சோடியம் அந்த வலைக் கண்களில் குடக்கூலிக்கு இருப்பது போல ஒட்டாமல் இருக்கிறது. தண்ணீர் பட்டால் சோடியம் வெளியேறி, அதன் இடத்தில் ஹைட்ரஜன் குடியேறுகிறது. வெளியே வந்த சோடியத்தால் தண்ணீரில் காரம் ஏறுகிறது. காரம் ஏறிய தண்ணீருக்கோ மணல் வலையையே அறுக்கும் பலம் வந்துவிடுகிறது. சுண்ணாம்பு இல்லாமல் மணலும் சோடாவும் மட்டும் உருக்கினால், வெந்நீரில் கரைந்தே போகும் கண்ணாடிதான் கிடைக்கும். மேல்நாட்டுக் குடும்பப் பெண்கள் ஒரு காலத்தில் முட்டை கெடாதிருக்க அந்தக் கரைசலில் போட்டு வைத்தார்கள்.

ஆகவே, ஓடும் தண்ணீரைவிட ஒட்டிக்கொண்டு நிற்கும் ஈரம் கண்ணாடிக்குப் பொல்லாதது. வெளியேறிய காரம் போக இடமின்றி அங்கேயே சேரும். கழுவிய டம்ளர்களை ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அலமாரியில் பூட்டி வைத்தால் நாளடைவில் மங்கிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உப்புத் தண்ணீர்க் கறையானால் வினிகர் விட்டுத் துடைத்தால் போகும். கண்ணாடியே அரித்த மங்கல் போகாது. துடைத்துக் கவிழ்ப்பது வீண் வேலையில்லை என்று வேலைக்காரியிடம் மட்டுமல்ல, வீட்டு ஐயாவிடமும் சொல்லலாம்.

ஊசி மருந்துக் குப்பிக்கு இந்தச் சமாசாரம் உயிர்ப் பிரச்னை. கண்ணாடி கரைந்து மருந்தோடு ரத்தத்தில் கலக்கலாமா? அதனால்தான் சோடியத்தைக் குறைத்துப் போரான் சேர்த்த கண்ணாடியில் அவற்றைச் செய்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பொறுப்பும் கண்ணாடியின் தலையில் ஏறியிருக்கிறது. அணு உலை எரிபொருளைப் பிரித்தபின் எஞ்சும் கொடிய கதிரியக்கக் கழிவைப் போரான் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலங்களில் வார்த்து வைக்கிறார்கள். நம் நாட்டில் தாராப்பூரிலும் டிராம்பேயிலும் கல்பாக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷம் நிலத்தடி நீர் அதைக் கரைக்காமல் இருக்க வேண்டுமே! 101 நாள் காய்ச்சிப் பார்த்தால் போதுமா?

விஞ்ஞானிகள் இதற்காகக் கடலுக்கே போனார்கள். பிரான்ஸின் தெற்குக் கரையில், எம்பியே தீவின் அருகே, ரோமானியர் காலத்துக் கப்பல் ஒன்று கண்ணாடிக் கட்டிகளோடு மூழ்கிக் கிடந்தது. சுமார் 1800 வருஷம் உப்பு நீரில் ஊறிய அந்தக் கட்டிகளை எடுத்து அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே விரிசல்கள் இருந்தன. அந்த விரிசல்களில் கண்ணாடி மாறியதால் உண்டான பொருளே படிந்து, தண்ணீர் மேலும் நுழையும் வழியை அடைத்திருந்தது.