பெயருள்ள முகமும் பெயரற்ற முகமும்: 1970களின் நியூயார்க் டிராக் கலைஞர் உருவப்படங்கள்

ஆய்வுச் சுருக்கம்

1970களில் நியூயார்க்கின் மாற்றுப் பண்பாட்டுக் கலைஞர்கள் சிலர், திரைப் பிரபலங்களுக்குரிய முறையில் ஒளிப்படமாக்கப்பட்டனர். பீட்டர் ஹூஜார், ஆண்டி வார்ஹோல் ஆகிய இருவரின் படைப்புகளை ஒப்பிட்டு, உருவப்படத்தில் பெயர் பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உருவப்படம், டிராக், பிரபலம், பெயர், ஆவணம்.

முன்னுரை

ஒப்பனை, உடை, உடல்மொழி ஆகியவற்றால் பாலினத் தோற்றத்தை மிகைப்படுத்திக் காட்டும் நிகழ்த்துகலை டிராக் எனப்படும். ஹாலிவுட் நடிகையரின் விளம்பரப் படங்கள் இக்கலைஞர் பலருக்கு முன்மாதிரியாக விளங்கின. ஆகவே, ஒளிப்படக் கருவியின்முன் எவ்வாறு அமர வேண்டும் என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். அந்த அறிவை ஒளிப்படக் கலைஞர் எவ்வாறு மதித்தார் என்பதே ஆய்வுக்குரிய வினா.

ஹூஜாரின் படம்

கேண்டி டார்லிங், வார்ஹோல் தயாரித்த 'ஃபிளெஷ்' (1968), 'விமன் இன் ரிவோல்ட்' (1971) ஆகிய படங்களில் நடித்தவர். டிராக் உலகோடு இணைத்துப் பேசப்பட்டாலும் பெண்ணாகவே வாழ்ந்தவர். இன்று திருநங்கை என்றே குறிக்கப்படுகிறார். புற்றுநோயால் மருத்துவமனையில் இருந்தபோது, 1973இல் ஹூஜார் அவரைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். முழு ஒப்பனையுடன் ஒரு கையைத் தலைக்குமேல் வளைத்துப் படுத்திருக்கிறார். பின்னால் சாமந்தி மலர்கள், படுக்கையின்மேல் ஒற்றை ரோஜா. நோயாளியின் படுக்கை நடிகையின் மேடையாகிவிடுகிறது. 1974 மார்ச் 21இல், 29ஆம் வயதில் அவர் மறைந்தார். 'மரணப் படுக்கையில் கேண்டி டார்லிங்' என்னும் தலைப்பு, அவரே தேர்ந்துகொண்ட பெயரை நிலைநிறுத்துகிறது.

வார்ஹோலின் தொடர்

இத்தாலியக் கலை வணிகர் லூசியானோ அன்செல்மினோவின் வேண்டுகோளின்படி, வார்ஹோல் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' (1975) தொடரை உருவாக்கினார். கறுப்பின, லத்தீன் அமெரிக்க மரபினரான டிராக் கலைஞர்களும் திருநங்கையருமே பெரும்பாலும் இதில் இடம்பெற்றனர். அவர்கள் நியூயார்க் மதுக்கூடங்களிலிருந்து அழைத்துவரப்பட்டனர். 14 பேரை 500க்கும் மேற்பட்ட போலராய்டு படங்களாக எடுத்து, அவற்றிலிருந்து 250க்கும் மேற்பட்ட ஓவியங்களை அவர் ஆக்கினார். செல்வந்தர்களைப் படமெடுத்த அதே வகைக் கருவி, அதே அண்மைக் கோணம், அதே பளிச்சிடும் ஒளி ஆகியவையே இங்கும் பயன்பட்டன.

வேறுபாடு பணத்திலும் பெயரிலும் இருந்தது. தம் உருவத்தை வரையச் செய்த செல்வந்தர் 25,000 டாலர் செலுத்தினர்; இக்கலைஞர்களுக்கோ சிறு தொகையே கூலியாகக் கிடைத்தது. பொதுத் தலைப்பு ஒன்றின்கீழ் அவர்களுடைய பெயர்கள் மறைந்தன. ஸ்டோன்வால் எழுச்சியில் (1969) பங்கேற்ற மார்ஷா பி. ஜான்சனும், மிகுதியாக வரையப்பட்ட வில்ஹெல்மினா ராஸும் அப்பதினால்வருள் அடங்குவர். பெரும்பாலோரின் பெயர்கள் பிற்கால ஆய்வுகளாலேயே பரவலாக அறியப்பட்டன.

முடிவுரை

பிரபலங்களுக்குரிய ஒளியும் கோணமும் கிடைத்துவிட்டால் மட்டும் ஒருவர் பிரபலமாக மதிக்கப்பட்டார் எனக் கொள்ள இயலாது. தோற்றத்தைத் தேர்ந்தவர் யார், பயன் பெற்றவர் யார், தலைப்பில் நிற்கும் பெயர் யாருடையது என்னும் மூன்று வினாக்களையும் உருவப்படத்தை ஆவணமாகக் கொள்ளும் ஆய்வாளர் எழுப்புதல் வேண்டும். டிராக் மேடையில் பெயர் என்பது கலைஞர் தாமே ஆக்கிக்கொண்ட முதற்படைப்பு. அதனை நீக்கிய உருவப்படம், முகத்தைக் காத்துக் கலைஞரை இழந்துவிடுகிறது.