விஷத்தை எடுக்க ஒரு விஷப்பரீட்சை!

“ஒண்ணரை வயசு வரைக்கும் நல்லாத்தானே இருந்தான் டாக்டர்... ‘அம்மா’, ‘தாத்தா’ன்னு பேசினானே... அப்புறம் எப்படி எல்லாமே நின்னு போச்சு?”

ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. ‘மூளை வளரும் விதத்திலேயே ஒரு மாறுபாடு, பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு’ என்று பதில் சொன்னால் பெற்ற மனசு ஆறுமா? அதே சமயம் இன்னொருவர் வந்து, “உடம்புல பாதரசம் சேர்ந்திருக்கு, அதை வெளியே எடுத்துட்டா குழந்தை பழையபடி ஆயிடுவான்” என்றால்..? காரணமும் கிடைத்துவிட்டது, வைத்தியமும் கிடைத்துவிட்டது!

அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளுக்குச் ‘செலேஷன்’ சிகிச்சை கொடுத்த கதை இப்படித்தான் தொடங்கியது. அங்கே இருக்கும் உறவுக்காரர்கள் மூலமாகவோ, செல்போனில் வரும் வீடியோ மூலமாகவோ இந்த வார்த்தை உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம். அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடுவோம்.

நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நண்டு கொடுக்கால் கவ்விப் பிடிக்கிற மாதிரி, இந்த மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் உலோகத்தைக் கவ்விக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேறும். இரண்டாம் உலகப் போரின்போது, ஆர்சனிக் கலந்த ‘லூயிசைட்’ என்ற விஷ வாயுவுக்கு மாற்றாக இங்கிலாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மருந்துதான் இந்த வகையில் முன்னோடி. பிறகு ஈயம் ஏறியவர்களுக்கு ஈ.டி.டி.ஏ., டி.எம்.எஸ்.ஏ. போன்ற மருந்துகள் வந்தன. நம் ஊரில் தலசீமியா குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை எடுக்க மருந்து தருகிறார்களே, அதுவும் இந்த ஜாதிதான். உடம்பில் தாமிரம் தங்கிவிடும் வில்சன் நோய்க்கும் இதே வழிதான். அப்படிப்பட்ட குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்! உலோகம் உண்மையிலேயே அதிகமாக இருக்கும் இடத்தில் செலேஷன் உயிர் காக்கும்.

ஆட்டிசத்துக்குள் இது எப்படி நுழைந்தது? சில தடுப்பூசி மருந்துகள் கெடாமல் இருக்க, பாதரசம் கலந்த ‘தைமெரோசால்’ என்ற பொருளைச் சேர்ப்பார்கள். முன்ஜாக்கிரதையாக அதை விலக்கிவிடலாம் என்று 1999-ல் அமெரிக்கச் சுகாதாரத் துறையும் குழந்தை மருத்துவர் சங்கமும் கேட்டுக்கொண்டன. ‘ஒண்ணும் இல்லைன்னா ஏன் எடுக்கச் சொல்றாங்க?’ என்று பெற்றோர்கள் யோசித்தது நியாயம்தானே! 2001-ல், ஆட்டிசமே ஒரு வகைப் பாதரச விஷம்தான் என்று பெற்றோர்கள் சிலர் முன்நின்று எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஊகங்களை வெளியிடுவதற்கென்றே இருந்த ஒரு பத்திரிகையில்!

டாக்டர்கள் மறுத்தும் அந்தப் பெற்றோர்கள் ஏன் கேட்கவில்லை? அதற்கு ஒரு பழைய காயம் உண்டு. 1950, 60-களில் ஆட்டிசத்துக்குக் காரணமே ‘பாசமில்லாத தாய்’தான் என்று பெரிய பெரிய நிபுணர்கள் சொன்னார்கள். ‘ஃப்ரிட்ஜ் மாதிரி சில்லென்று இருக்கும் அம்மா’ என்றே பெயர் வைத்தார்கள்! பெட்டல்ஹெய்ம் என்பவர் 1967-ல் இதையே புத்தகமாக எழுதிப் புகழ் பெற்றார். குழந்தையின் நிலையைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருக்கும் தாயின் தலையில் பழியும் சேர்ந்தால் எப்படி இருந்திருக்கும்! இது அபத்தம் என்று 1964-லேயே புத்தகம் எழுதி வாதாடியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். மனோதத்துவ நிபுணர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனாரும்கூட. நிபுணர்கள் தப்பு, அப்பா சொன்னது சரி என்று அன்றைக்கு நிரூபணமாயிற்று. அதே ரிம்லாண்ட்தான் பிற்காலத்தில் செலேஷனை ஆதரித்த இயக்கத்துக்கும் முன்னோடி. ஒரு முறை நிபுணர்களை ஜெயித்தவர் என்பதால், பெற்றோர்கள் இந்த முறையும் நம்பினார்கள்.

அந்த வீடுகளில் நடந்த விவாதத்தை நம்மால் சுலபமாக ஊகிக்க முடியும். “சும்மா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கறதுக்கு, இதையும் செஞ்சு பார்த்துடலாமே” என்பது ஒரு கட்சி. “கண்ணு முன்னாடி வித்தியாசம் தெரியுதே! இப்பல்லாம் நல்லா தூங்கறா, கூப்பிட்டா திரும்பிப் பார்க்கறா” என்பார்கள் கொடுத்துப் பார்த்தவர்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. முன்னேற்றம் உண்மை. மருந்தால் வந்ததா என்பதுதான் கேள்வி. ஆட்டிசம் உள்ள குழந்தையும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி எல்லாம் பக்கத்திலேயே நடக்கின்றன. சில மாதம் மந்தமாகவும், திடீரென்று வேகமாகவும் முன்னேறுவது இந்தக் குழந்தைகளிடம் சகஜம். மந்தமான மாதத்தில் மனசு ஒடிந்துதான் புது மருந்தைத் தேடிப் போகிறோம். அடுத்து வரும் நல்ல மாதத்தின் பெருமை மருந்துக்குப் போய்விடுகிறது!

‘செக்ரெட்டின்’ என்ற வேறொரு ஊசியை வைத்து 1999-ல் நடந்த பரிசோதனை இதைப் பளிச்சென்று காட்டியது. பாதிக் குழந்தைகளுக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் முன்னேற்றம் தெரிந்தது, வித்தியாசமே இல்லை! முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவிகிதப் பெற்றோர்கள் அந்த மருந்தில் ஆர்வம் காட்டினார்களாம். பெத்த மனம் பித்து என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

‘சிறுநீரை டெஸ்ட் பண்ணினதில் பாதரசம் வந்திருக்கே’ என்பது அடுத்த வாதம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் செலேஷன் மருந்தைக் கொடுத்து, பிறகு சிறுநீரைப் பிடித்துச் சோதிப்பார்கள். நம் எல்லார் உடம்பிலும் துளித் துளி உலோகம் உண்டு. மருந்து அதை இழுத்துக்கொண்டு வரத்தான் செய்யும். ஆனால் ஒப்பிடுவதோ, மருந்து சாப்பிடாதவர்களின் அளவோடு! கிணற்றில் இறங்கிக் கலக்கிவிட்டு, ‘ஐயோ, தண்ணி எவ்வளவு சேறு பாருங்க’ என்று சொல்கிற மாதிரிதான். இந்தப் பரிசோதனைக்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று அமெரிக்க விஷ மருத்துவ நிபுணர்களின் அமைப்பு 2009-ல் அறிவித்துவிட்டது.

இத்தோடு போனால் பணம் நஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் 2005 ஆகஸ்டில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன், ஒரு டாக்டரின் கிளினிக்கில் ஈ.டி.டி.ஏ. ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதே இருதயம் நின்று இறந்துபோனான்.

என்ன நடந்தது? ஈ.டி.டி.ஏ.யில் இரண்டு வகை. ஒன்று ‘கால்சியம் டைசோடியம்’, இன்னொன்று வெறும் ‘டைசோடியம்’. முதலாவது ஏற்கெனவே கால்சியத்தைக் கவ்விக்கொண்டிருப்பதால், அதை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடிக்கும். இரண்டாவது வெறுங்கொடுக்கு. ரத்தத்தில் நுழைந்ததும் அங்கிருக்கும் கால்சியத்தையே பிடுங்கிவிடும். கால்சியம் மளமளவென்று இறங்கினால் இருதயத்தால் துடிக்க முடியாது. அந்தச் சிறுவனுக்கு ஏற்றியது இரண்டாவது வகை. அதே வருஷம் பிப்ரவரியில், டெக்ஸாஸில் ஈயம் ஏறியிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இதே மருந்து மாறியதால் இறந்தது. பெயரில் ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம்!

சரி, மாத்திரையாகக் கொடுக்கும் டி.எம்.எஸ்.ஏ. பரவாயில்லையா? அமெரிக்க அரசின் மனநல ஆய்வு நிறுவனமே இதை முறையாகப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. அதற்குள் எலிகளில் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஈயம் ஏறிய எலிகளுக்கு மருந்து நன்மை செய்தது. ஈயம் இல்லாத எலிகளுக்கோ, கற்கும் திறனே நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. யாரைக் காப்பாற்றக் கிளம்பினார்களோ அவர்களுக்கே கெடுதல் வரலாம் என்று 2008-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். பின்னர் 2015-ல் காக்ரேன் குழுவினர் தேடியபோது, கணக்கில் எடுக்கத் தகுந்ததாக ஒரே ஒரு ஆய்வுதான் கிடைத்தது. அதிலும் பலன் தெரியவில்லை.

தைமெரோசால் விஷயம்? 2001 வாக்கில் அமெரிக்கக் குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகளிலிருந்து அது போய்விட்டது. அதற்குப் பிறகும் கலிபோர்னியாவில் ஆட்டிசக் குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஏறிக்கொண்டேதான் போனது. தைமெரோசாலில் இருக்கும் பாதரசம் மீனில் இருக்கும் வகை இல்லை, அதைவிடச் சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும். எம்.எம்.ஆர். தடுப்பூசியில் அது என்றைக்குமே இருந்ததில்லை. எனவே சின்னக் குழந்தைக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஈயத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் சுவர்ப் பெயின்ட்டைச் சுரண்டி வாயில் போடும், மண் தின்னும். கலப்பட மஞ்சள்தூளிலும், சிலவகைக் கண் மையிலும் ஈயம் இருக்கக்கூடும். சந்தேகமிருந்தால் குழந்தை டாக்டரிடம் சொல்லி, எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன் ‘ரத்தத்தில்’ ஈயத்தின் அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால்தான் பொதுவாகச் செலேஷன் பற்றிய பேச்சே வரும். அதுவும் ஆட்டிசத்துக்காக இல்லை, ஈயத்துக்காக!

‘ஏற்கெனவே கொடுத்துக்கிட்டிருக்கோமே’ என்பவர்கள் பயந்துபோய் மறைக்க வேண்டாம். நிறுத்திவிட்டு, மருந்துச் சீட்டையும் புட்டியையும் எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரைப் பாருங்கள். கால்சியம், சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள்... நாலையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். விரல் மரத்துப்போவது, தசை இழுப்பு, வலிப்பு, மயக்கம் இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பேச்சுப் பயிற்சி வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் இடையில் விட்டுவிடாதீர்கள்.